கல்பாக்கம் நமக்கு எவ்வளவு பக்கம்?

கடல் கொஞ்சம் பொங்கினாலும், சுமத்ரா பக்கம் நிலநடுக்கம் என்று டிவியில் ஒரு வரி ஓடினாலும், நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "கல்பாக்கத்துக்கு ஒன்றும் இல்லையே?" அடுத்த பத்து நிமிஷத்துக்கு ஃபார்வர்டு மழை. மறுநாள் காலை தண்ணீர் லாரி வரவில்லை என்ற விஷயம் வந்ததும் கல்பாக்கம் மறந்துபோகும்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் அறுபது வருட வரலாறு இருக்கிறது. நான் இன்ஜினீயர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காகவே காலம் தள்ளியவன். உலைக்குள் நியூட்ரான் எப்படி ஓடுகிறது என்பதை விளக்க நம் சி பிளாக்கிலேயே தகுதியானவர்கள் இருக்கிறார்கள். இடத்தை ஏன் அங்கே பிடித்தார்கள், கணக்கை யார் சரிபார்த்தார்கள், செலவு எங்கே போய் நின்றது என்கிற மூன்று விஷயங்களை மட்டும் எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் தூரம். மயிலாப்பூர் குளத்திலிருந்து கல்பாக்கம் உலைக்கு நேர்க்கோடு போட்டால் சுமார் 55 கிலோமீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் அறுபத்தைந்து, எழுபது வரும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சென்னைக்கு அருகே அணுமின் நிலையம் வந்ததற்குக் காரணம் நிலக்கரி. நம் மாநிலத்தில் நல்ல நிலக்கரி கிடையாது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி உண்டு. அங்கே 1962 முதல் மின்சாரம் எடுக்கிறோம். எண்ணூர் அனல் நிலையம் 1970இல் ஓடத் தொடங்கியது, ஆனால் அதற்கான நிலக்கரி வெகுதூரத்திலிருந்து ரயிலிலும் கப்பலிலும் வரவேண்டும். ஹோமி பாபா 1950களிலிருந்தே சொல்லிவந்த வாதம் இதுதான்: சுரங்கத்துக்குப் பக்கத்தில் அணுமின்சாரம் நிலக்கரியோடு விலையில் போட்டிபோட முடியாது, தூரம் கூடக்கூட நிலக்கரியின் வண்டிச் சத்தம் ஏறும், அப்போது அணு ஜெயிக்கும். முதல் மூன்று நிலையங்களின் இடத்தைப் பாருங்கள். பம்பாய்க்கு வடக்கே தாராப்பூர், ராஜஸ்தானில் கோட்டா அருகே ராவத்பாட்டா, பிறகு நம் கல்பாக்கம். மூன்றும் நிலக்கரி வயல்களிலிருந்து ஒதுங்கிய இடங்கள். பாபா 1966 ஜனவரியில் விமான விபத்தில் போய்விட்டார். அவருக்குப் பின் வந்த விக்ரம் சாராபாயின் காலத்தில் கல்பாக்கத்தில் வேலை தொடங்கியது.

இடம் என்னவோ நல்ல தேர்வுதான். ஒரு பக்கம் வங்கக் கடல். உலையின் நீராவியைக் குளிர்விக்கக் கோடிக்கணக்கான லிட்டர் தண்ணீர் வேண்டும், அதைக் கடல் தரும். கரையில் மணல் சேர்ந்து அடைத்துவிடக் கூடாது என்பதால் சுமார் அரை கிலோமீட்டர் கடலுக்குள் தள்ளிக் கிணறு போல ஒன்றைக் கட்டி, கடற்படுகைக்கு அடியில் சுரங்கம் வெட்டித் தண்ணீரை உள்ளே கொண்டுவருகிறார்கள். நல்ல தண்ணீருக்குத் தெற்கே பாலாறு. மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய். ஆமாம், நம் பறக்கும் ரயில் தூண்களுக்கு நடுவே கறுப்பாகத் தேங்கிக் கிடக்கிறதே, அதே கால்வாய்தான். பக்கத்திலேயே டச்சுக்காரர்கள் கட்டிய சதுரங்கப்பட்டினம் கோட்டை. ஒரு காலத்தில் துணி ஏற்றுமதி செய்த துறைமுகம், பிறகு வெறும் மீனவக் குப்பங்களும் சவுக்குத் தோப்பும். ஜனங்கள் குறைவு என்பதுதான் இடம் தேடியவர்களுக்கு முக்கியமாக இருந்திருக்கும்.

அணு உலைக்கு இடம் பார்ப்பதில் வட்டங்கள் உண்டு. உலையைச் சுற்றி 1.6 கிலோமீட்டருக்குள் யாரும் குடியிருக்கக் கூடாது என்பது அன்றைய விதி. 5 கிலோமீட்டர் வரை புதிய தொழிற்சாலை, காலனி என்று ஜனம் குவியும் எதுவும் கூடாது. ஏற்கெனவே உள்ள கிராமம் தானாக வளர்வதை மட்டும் விடுவார்கள். 16 கிலோமீட்டர் வரை அவசரகாலத் திட்டம் தயாராக இருக்க வேண்டும். இந்த வட்டத்துக்குள் மாமல்லபுரமும் திருக்கழுக்குன்றமும் வந்துவிடும். 1990இல் எழுதப்பட்ட இட விதிகளில் இன்னொன்றும் இருந்தது: 30 கிலோமீட்டருக்குள் ஒரு லட்சம் பேருக்கு மேல் வசிக்கும் ஊர் இருக்கக் கூடாது. கல்பாக்கத்திலிருந்து காம்பஸ் வைத்து 30 கிலோமீட்டர் வட்டம் போட்டால் திருப்போரூர், செங்கல்பட்டு, கோவளம், கேளம்பாக்கம் எல்லாம் உள்ளே விழும். சிறுசேரி விளிம்பில் நிற்கும். 1970இல் கேளம்பாக்கத்தில் இருபது மாடிக் கட்டடம் வரும் என்று யாரும் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். நம் குடியிருப்பில் எத்தனை பேருடைய பிள்ளைகள் ஓ.எம்.ஆரில் வீடு வாங்கியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். உலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஊர்தான் அதை நோக்கி நடந்து போயிருக்கிறது. இடம் தேர்ந்தெடுக்கத் துறை இருக்கிறது, விதி இருக்கிறது. தேர்ந்தெடுத்த பிறகு ஐம்பது வருடம் அந்த இடத்தைக் காப்பாற்ற வேண்டியது பத்திரப் பதிவு அலுவலகமும் திட்ட அனுமதி தருகிறவர்களும்.

கட்டிய கதைக்கு வருவோம். தாராப்பூரை அமெரிக்கர்கள் கட்டிச் சாவியைக் கையில் கொடுத்தார்கள். ராஜஸ்தானுக்குக் கனடா உதவியது. கல்பாக்கம் வேலை நடந்துகொண்டிருந்தபோது, 1974இல் பொக்ரானில் குண்டு வெடித்துப் பார்த்தோம். கனடா கையை உதறிவிட்டது. அதன்பின் பம்பு, வால்வு, குழாய் என்று எல்லாவற்றையும் நம் ஆட்களே செய்ய வேண்டியதாயிற்று. பெருமைப்பட வேண்டிய விஷயம், சந்தேகமே இல்லை. ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். முதல் உலைக்கு ஆரம்பத்தில் போட்ட மதிப்பீடு சுமார் 62 கோடி ரூபாய். முடிந்தபோது 119 கோடி. கட்ட எடுத்த காலம் பன்னிரண்டு வருடத்துக்கு மேல். 1983 ஜூலை 2 அன்று உலையில் தொடர்வினை தொடங்கியது. அதே மாதம் 23ஆம் தேதி பிரதமர் இந்திரா காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தார். இரண்டாவது உலை 1985இல் உயிர் பெற்றது.

இங்கேதான் ஒரு தேதியைக் கவனிக்கச் சொல்வேன். உலைகளைக் கண்காணிக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைக்கப்பட்ட நாள் 1983 நவம்பர் 15. அதாவது நம் முதல் உலை ஓடத் தொடங்கி நான்கு மாதம் கழித்துத்தான் அதன் மேற்பார்வையாளர் பிறந்தார். அதற்கு முன் துறைக்குள்ளேயே ஒரு பாதுகாப்பு ஆய்வுக் குழு இருந்தது, அவ்வளவுதான். வாரியமும் தனிச் சட்டத்தால் உண்டானது இல்லை. 1962ஆம் வருட அணுசக்திச் சட்டத்தின் கீழ் ஓர் அரசு உத்தரவு. அது பதில் சொல்ல வேண்டியது அணுசக்தி ஆணையத்துக்கு. ஆணையத்தின் தலைவரே துறையின் செயலாளர். உலைகளைக் கட்டி நடத்தும் அணுமின் கழகமும் அதே துறையின் கீழ்.

வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு வவுச்சரை எழுதியவரே பாஸ் பண்ணக் கூடாது. ஆயிரம் ரூபாய் வித்டிராயலாக இருந்தாலும் ஒருவர் எழுத வேண்டும், இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு மேல் ஆடிட்டர். அவருடைய இன்க்ரிமென்ட் கிளை மேனேஜர் கையில் இருந்தால் அந்த ஆடிட் எப்படி இருக்கும்? மேனேஜர் யோக்கியமானவராகவே இருக்கலாம். அதை நம்பி எந்த வங்கியும் கணக்கு எழுதுவதில்லை.

இதை வெளியாட்கள் மட்டும் சொல்லவில்லை. 1993 முதல் 1996 வரை வாரியத் தலைவராக இருந்த ஏ. கோபாலகிருஷ்ணன், பதவி முடிந்த பின் வாரியத்துக்குச் சுதந்திரம் இல்லை என்று வெளிப்படையாகவே எழுதினார், பேசினார். 2000 ஏப்ரலில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கூடங்களை வாரியத்தின் பார்வையிலிருந்தே விலக்கினார்கள். கல்பாக்கத்தில் எரிந்த எரிபொருளை மறுசுழற்சி செய்யும் ஆலையும் அதில் அடக்கம். மூன்று வருடம்கூட ஆகவில்லை, 2003 ஜனவரியில் அந்த ஆலையில் ஆறு ஊழியர்கள் வரம்புக்கு மேல் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். விஷயம் பத்திரிகைக்கு வரவே மாதக்கணக்கில் ஆயிற்று. விலக்காமல் இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் செக்கரை எடுத்துவிட்ட கவுண்ட்டரில் பணம் குறைந்தால் தலைமை அலுவலகம் முதலில் என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியும்.

2012இல் சி.ஏ.ஜி. இந்த வாரியத்தைப் பற்றித் தனி அறிக்கையே கொடுத்தது. சுதந்திரம் போதாது என்றது. விதியை மீறுபவருக்கு அதிகபட்ச அபராதம் 500 ரூபாய் என்றும் எடுத்துக்காட்டியது. இந்த ஊரில் கார் மாற்றி நிறுத்தினால் அதற்கு மேல் வசூலிக்கும் அபார்ட்மென்ட் சங்கங்கள் இருக்கின்றன.

இடையில் 2004 டிசம்பர் 26. அன்று முதல் உலை பழுதுபார்ப்புக்காக நின்றிருந்தது, இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது. சுனாமித் தண்ணீர் பம்பு அறைக்குள் ஏறியதும் உலையை முறைப்படி நிறுத்தினார்கள். டீசல் ஜெனரேட்டர்கள் உயரத்தில் இருந்ததால் நனையவில்லை. ஆறு வருடம் கழித்து ஜப்பானின் ஃபுகுஷிமாவில் ஜெனரேட்டர்கள் நனைந்ததால் என்ன ஆயிற்று என்று உலகமே பார்த்தது. ஆக நம் உலை தப்பியது தற்செயல் இல்லை. கட்டியவர்கள் தரைமட்டத்தை யோசித்துத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் ஊழியர் குடியிருப்பு? அதை உலையிலிருந்து பாதுகாப்பான தூரத்தில், தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி அமைத்தார்கள். கடலிலிருந்து தள்ளி அமைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் அங்கே போயின. உலைக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை என்பதை அதிகாரிகள் எல்லாக் கூட்டத்திலும் சொல்வார்கள். இந்த இரண்டாவது வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்வதுதான் முழு ஐந்தொகை.

அன்று அலை இன்னொரு இடத்தையும் நிரப்பியது. இரண்டு மாதத்துக்கு முன், 2004 அக்டோபரில், புதிய உலை ஒன்றுக்கு வேலை தொடங்கியிருந்தார்கள். தோண்டி வைத்த அஸ்திவாரக் குழி முழுக்கக் கடல் நீர். அதுதான் அதிவேக ஈனுலை, 500 மெகாவாட்.

ஈனுலை என்றால், எரிக்கிற எரிபொருளைவிட அதிகமாகப் புதிய எரிபொருளை உண்டாக்கும் உலை. நம்மிடம் யுரேனியம் குறைவு, கேரளக் கரையிலும் மணவாளக்குறிச்சி மணலிலும் தோரியம் ஏராளம். அந்தத் தோரியத்தைப் பயன்படுத்தும் நிலைக்குப் போக நடுவில் ஈனுலை என்ற படி வேண்டும் என்பது பாபா போட்ட மூன்று கட்டத் திட்டம். கல்பாக்கத்தில் 1971இல் தொடங்கிய ஆராய்ச்சி மையம்தான் பின்னர் இந்திரா காந்தி பெயரைப் பெற்றது. அங்கே ஒரு சிறிய சோதனை ஈனுலை 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. பிரெஞ்சு வரைபடம், பொக்ரானுக்குப் பிறகு எரிபொருள் கிடைக்காததால் நம்மவர்களே புதுவகைக் கார்பைடு எரிபொருளைக் கண்டுபிடித்துப் போட்டார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அது முழுத் திறனான 40 மெகாவாட் வெப்பத்தை எட்டியது 2022இல்.

பெரிய ஈனுலைக்கு 2003இல் அனுமதித்த தொகை 3,492 கோடி ரூபாய். 2010 செப்டம்பரில் முடிந்திருக்க வேண்டும். பிறகு 5,677 கோடி என்று திருத்தினார்கள். அதன்பின் 6,800 கோடியையும் தாண்டியது. உலையின் மையப் பகுதியை நிரப்பும் வேலை பிரதமர் முன்னிலையில் தொடங்கியது 2024 மார்ச் 4 அன்று.

தொகை இரண்டு மடங்கானதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட அந்தப் பதினான்கு வருடம்தான் உறுத்துகிறது. பில்டரிடம் ஃபிளாட் புக் பண்ணிவிட்டு, சாவி வராமல், ஒரு பக்கம் லோனுக்கு வட்டியும் மறுபக்கம் வாடகையும் கட்டியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு உடனே புரியும். அணுமின் நிலையத்தில் எரிபொருள் செலவு சின்னது, போட்ட முதல்தான் பெரியது. அந்த முதல் மின்சாரம் விற்காமல் தூங்கினால் வட்டி மட்டும் தூங்காது. 9 சதவீதக் கூட்டு வட்டியில் 100 ரூபாய் ஏழு வருடத்தில் 183 ஆகும். பதினான்கு வருடத்தில் 334. அரசுப் பணத்துக்கு வட்டி ஏது என்பார்கள். அரசும் பத்திரம் போட்டுக் கடன் வாங்கித்தான் செலவு செய்கிறது. அந்தப் பத்திரங்களில் நம் பி.எஃப். பணமும் இருக்கிறது.

கூடங்குளத்திலும் இதே கதை. ரஷ்ய உதவியோடு 2001இல் இரண்டு உலைக்கு 13,171 கோடி என்று ஆரம்பித்து 22,462 கோடியில் முடிந்தது. இடிந்தகரை மக்கள் போராட்டத்தால்தான் செலவு கூடியது என்று சொல்பவர்களுக்கு ஒரு தேதி: போராட்டம் பெரிதாக வெடித்தது 2011இல், ஃபுகுஷிமாவுக்குப் பிறகு. முதல் உலை அதற்குச் சில வருடங்கள் முன்பே ஓடியிருக்க வேண்டும்.

நாம் மட்டும் இப்படி என்றும் இல்லை. பிரான்ஸ் கட்டிய 1,200 மெகாவாட் சூப்பர்ஃபீனிக்ஸ் ஈனுலை 1998இல் நிரந்தரமாக மூடப்பட்டது. ஜப்பானின் மோஞ்சு ஈனுலையில் 1995 டிசம்பரில் சோடியம் கசிந்து தீப்பிடித்தது. அதன்பின் அநேகமாக ஓடவே இல்லை. 2016இல் மூடத் தீர்மானித்தார்கள். ஈனுலையில் குளிர்விப்பது திரவ சோடியம். காற்றுப் பட்டால் எரியும், தண்ணீர் பட்டால் வெடிக்கும். ரஷ்யர்கள் மட்டும் 1980 முதல் ஒன்றை விடாமல் ஓட்டிவருகிறார்கள். மற்றவர்கள் விட்டுவிட்டதற்குத் தொழில்நுட்பத்தைவிடச் சந்தை விலைதான் காரணம்: யுரேனியம் தீர்ந்துவிடும், விலை எகிறும் என்று 1970களில் நினைத்தார்கள், அப்படி ஆகவில்லை. நம் நிலைமை வேறு. 1974க்குப் பிறகு 2008 வரை நமக்கு வெளியிலிருந்து யுரேனியம் கிடைப்பது அரிதாகவே இருந்தது. கடைக்காரர் கதவைச் சாத்திவிட்டால் வீட்டிலேயே அரிசி விளைவிக்கத்தான் தோன்றும். 2008க்குப் பிறகு கதவு திறந்துவிட்டது, கஜகஸ்தானிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வாங்குகிறோம். சர்வதேசக் கண்காணிப்புக்கு வெளியே நாமே நிறுத்திவைத்திருக்கும் கல்பாக்கம் உலைகளில் அதைப் போட முடியாது.

இப்போதைய பேச்சு சிறிய உலைகள். 2025 பட்ஜெட்டில் 20,000 கோடி ஒதுக்கி, 2033க்குள் நாமே வடிவமைத்த ஐந்து சிறிய உலைகளை ஓட்டுவோம் என்றார்கள். சிறியதாக இருந்தால் முதல் குறையும், சீக்கிரம் முடியும் என்பது கணக்கு. இதில் நான் கொஞ்சம் சந்தேகப் பேர்வழி. பத்து வீடு உள்ள கட்டடத்துக்கும் ஒரு லிஃப்ட், ஒரு வாட்ச்மேன். நூறு வீட்டுக்கும் அதே. மெயின்டனன்ஸ் எங்கே அதிகம் என்று கேட்க வேண்டியதில்லை. உலைக்கும் காவல், கட்டுப்பாட்டு அறை, கதிர்வீச்சுத் தடுப்பு எல்லாம் சிறியதென்பதால் அதே அளவில் சுருங்காது. அமெரிக்காவில் நியூஸ்கேல் நிறுவனம் யூட்டா மாநில ஊராட்சிகளுக்காகத் திட்டமிட்ட சிறிய உலைகளின் மின்சாரம் யூனிட்டுக்கு 5.8 சென்ட் என்று சொல்லி, பின்பு 8.9 சென்ட் ஆயிற்று. 2023 நவம்பரில் திட்டத்தையே கைவிட்டார்கள். பெரியதும் அங்கே சுகப்படவில்லை: ஜார்ஜியாவின் வோக்டில் இரட்டை உலை 1,400 கோடி டாலரில் ஆரம்பித்து 3,000 கோடி டாலரையும் தாண்டியது. ஒரே மாதிரி உலைகளை நூற்றுக்கணக்கில் தொழிற்சாலையில் செய்தால் விலை இறங்கலாம். முதல் நூறை யார் வாங்குவது?

நியாயமாகப் பார்த்தால் நம் பழைய உலைகளின் பக்கமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1980களின் இறுதியில் உள்ளே ஒரு பாகம் உடைந்து இரண்டுமே 235 மெகாவாட்டிலிருந்து 170க்கு இறங்கின. 1999இல் இரண்டாவது உலையில் கனநீர் கசிந்தது. முதல் உலை 2018 ஜனவரியில் நின்று வருடக்கணக்கில் கிடந்தது. அப்படி இருந்தும், போட்ட முதல் என்றோ கழிந்துவிட்டதால், ஓடுகிறபோது அது தரும் மின்சாரம் மலிவு. அந்த நாற்பது வருடத்தில் எண்ணூர்க்காரர்கள் வீட்டு மாடியில் சாம்பலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். தெற்கே இருக்கும் நாம் வராத கதிர்வீச்சுக்குப் பயந்துகொண்டே, வடக்கே தினமும் விழுந்த சாம்பலில் எடுத்த மின்சாரத்தில் ஏசி போட்டோம்.

2011இல் வாரியத்துக்குச் சட்ட அதிகாரம் தர மசோதா வந்தது. 2014இல் மக்களவையோடு காலாவதியாகிவிட்டது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி சட்டம் 1962ஆம் வருடச் சட்டத்தை நீக்கி, தனியார் கம்பெனிகளுக்குக் கதவைத் திறந்து, வாரியத்துக்கு முதன்முறையாகச் சட்ட அந்தஸ்து கொடுத்திருக்கிறது. பிறந்து நாற்பத்திரண்டு வருடம் கழித்து. கல்பாக்கம் வளாகத்திலேயே இன்னும் இரண்டு 500 மெகாவாட் ஈனுலைகள் கட்டத் திட்டம் இருக்கிறது. அவற்றுக்கான மதிப்பீட்டையும் முடியும் தேதியையும் அறிவிக்கும்போது, பேப்பரைக் கத்தரித்து இந்த இதழோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஓ.எம்.ஆரில் வீடு பார்க்கிறவர்கள், காம்பஸையும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.